ஏசி குளிரவில்லையா? கேஸ் ஏற்றும் முன் காற்றைப் பாருங்கள்: வீட்டு ஸ்பிளிட் ஏசிக்கான முழு வழிகாட்டி

கத்திரி வெயில் தொடங்கி நான்காவது நாள். திருவான்மியூரில் மூன்றாவது மாடி வீடு. கதவைத் திறக்கும்போதே அந்த அம்மா சொன்னார்: "தம்பி, போன மாசம்தான் கேஸ் போட்டுட்டுப் போனாங்க. அதுக்கு முந்தின வருஷமும் போட்டாங்க. நீங்களும் கேஸ்தான்னு சொல்லிடாதீங்க."

ஒன்றரை டன் ஏசி. ஏசிக்கு மின்சாரம் போகும் எம்சிபி சுவிட்சை அணைத்துவிட்டு, காற்று வெளியே வரும் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே உருளும் புளோயரின் இறக்கைகள் கண்ணுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு இறக்கையின் குழிவிலும் நனைந்த கம்பளி மாதிரி கறுப்பு அழுக்கு அப்பியிருந்தது. விரலால் வழித்தால் விளக்குத் திரி போலச் சுருண்டு வந்தது. புளோயரைக் கழற்றிக் கழுவி மாட்டிவிட்டு, அப்புறம் கேஸின் அழுத்தத்தைக் காட்டும் கேஜ் போட்டுப் பார்த்தால் கேஸ் தேவைக்கு மேல் இருந்தது. இரண்டு வருடமும் ஏற்றிய கேஸுக்கு அந்த ஏசியில் வேலையே இல்லை. அதை வெளியே எடுத்து, எடை போட்டு மறுபடி சரியாக நிரப்ப வேண்டியதாயிற்று.

இந்த வேலையில் நான் அதிகம் பார்ப்பது இப்படிப்பட்ட வீடுகளைத்தான். ஏசியில் கேஸ் என்பது ஸ்கூட்டரில் பெட்ரோல் மாதிரி எரிந்து தீரும் பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். பத்து வருடம் ஓடினாலும் ஒரு கிராம் கூடக் குறையக் கூடாது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஆனால் காற்றோட்டம் அப்படி இல்லை. நாம் ஒன்றுமே செய்யாவிட்டால் அது வாரத்துக்கு வாரம் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் காற்றை முதலில் பார்க்க வேண்டும், கேஸை அதன் பிறகு. காற்று சரியில்லாத ஏசியில் கேஜ் காட்டும் எந்த எண்ணையும் நம்ப முடியாது.

தேவையானவை

வயர் நுனி கொண்ட டிஜிட்டல் தெர்மாமீட்டர் இரண்டு (மீன்தொட்டிக்கு விற்பதே போதும்), ஒரு டார்ச், ஒரு டிஷ்யூ பேப்பர், ஒரு பக்கெட், அளவு போட்ட ஒரு குவளை. காற்றின் வேகம் பார்க்கும் அனிமோமீட்டர் கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. துப்பாக்கி போலப் பிடித்துப் பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை இதற்கு நம்ப வேண்டாம். அது காற்றின் வெப்பத்தை அளக்காது, எதிரே உள்ள பரப்பைத்தான் அளக்கும். பளபளக்கும் காப்பர் குழாயில் தப்பாகவே காட்டும்.

மூடியைத் திறக்கும் முன் எம்சிபியை அணையுங்கள், ரிமோட்டில் அணைத்தால் போதாது. அவுட்டோர் யூனிட் கைப்பிடிச் சுவருக்கு வெளியே தொங்கினால் அதை எட்டிப் பார்க்க முயல வேண்டாம். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு இறங்கும் ஆள் செய்ய வேண்டிய வேலை அது.

முதல் படி: உள்ளே வரும் காற்று

சுவரில் மாட்டும் யூனிட் மேல் பக்கமாகக் காற்றை இழுத்து, கீழே முன்பக்கமாகத் தள்ளும். மேலே குறைந்தது 10 முதல் 15 செ.மீ. இடைவெளி வேண்டும். அழகுக்காகக் கட்டிய ஃபால்ஸ் சீலிங், பரண் அடிப்பலகை, திரைச்சீலைப் பெட்டி எல்லாம் இந்த வழியை அடைக்கின்றன. எதிரே உயரமான பீரோ இருந்தால் குளிர்ந்த காற்று அதில் மோதித் திரும்பி, நேராக மேலே போய் மறுபடி உள்ளே நுழைந்துவிடும். அறை வேகும்போதே ஏசி 'குளிர்ந்துவிட்டது' என்று நினைத்து, கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரைக் குறைத்துக்கொள்ளும்.

அடுத்து ஃபில்டர். ஃபில்டரோடு ஒரு நிமிடம் ஓடவிட்டு, வாயில் கைவைத்துக் காற்றைக் கவனியுங்கள். ஏசியை அணைத்து, ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு அதையே செய்யுங்கள். வித்தியாசம் கையில் தெரிந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குழாய்த் தண்ணீரில், அழுக்கு ஒட்டாத பின்பக்கத்திலிருந்து பீய்ச்சிக் கழுவி, நிழலில் காயவையுங்கள்.

ஃபில்டரைக் கழற்றியதும் பின்னால் தெரியும் மெல்லிய அலுமினியத் தகடுகள்தான் காயில். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் தகடுகளுக்கு நடுவே இருட்டாகத் தெரிய வேண்டும். சாம்பல் நிறப் படலம் தெரிந்தால் அது காற்றுக்குப் போட்ட போர்வை.

அப்புறம் எல்லோரும் விட்டுவிடும் இடம், புளோயர். எம்சிபி அணைந்திருக்கும்போதே கீழ்வாயின் தகட்டைத் திறந்து டார்ச் அடியுங்கள். நீள உருளையில் வரிசையாக வளைந்த இறக்கைகள் இருக்கும். அந்த வளைவுதான் காற்றை அள்ளி வீசுகிறது. அழுக்கு அந்தக் குழிவை நிரப்பிவிட்டால், மோட்டார் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளுவதற்குக் கரண்டியே இல்லை. மேலோட்டமாகத் தண்ணீர் அடிக்கும் சர்வீஸில் இது போகாது. 'புளோயரைக் கழற்றிக் கழுவுவீர்களா?' என்று சர்வீஸுக்கு ஆள் கூப்பிடும்போதே கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: காற்றை அளப்பது

ஃபேன் வேகத்தை ஹை-யில் வையுங்கள். ஆட்டோவிலோ சத்தமில்லாத இரவு மோடிலோ அளந்தால் குறைவாகத்தான் வரும். டிஷ்யூ பேப்பரை விரல் அகலத்துக்குக் கிழித்து, வாயின் இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று பிடித்துப் பாருங்கள். மூன்று இடத்திலும் ஒரே கோணத்தில் பறக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் அந்தப் பக்கம் அழுக்கு அல்லது பனி.

அனிமோமீட்டர் இருந்தால் எண்ணாகவே பார்க்கலாம். வாயின் நீளம் 80 செ.மீ., உயரம் 7 செ.மீ. என்றால் பரப்பு 0.056 சதுர மீட்டர். ஐந்தாறு இடத்தில் அளந்த வேகத்தின் சராசரி விநாடிக்கு 4 மீட்டர் என்றால், பெருக்கி வருவது விநாடிக்கு 0.224 கன மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 800 கன மீட்டர். மெக்கானிக்குகள் பேசும் கணக்கில் 475 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி).

இது போதுமா? ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம். ஐஸ்கட்டியை வைத்துக் குளிரூட்டிய காலத்துக் கணக்கு அது: ஒரு அமெரிக்க டன் (சுமார் 907 கிலோ) ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது இழுக்கும் வெப்பம். அந்த அளவுக்கு 350 முதல் 400 சிஎஃப்எம் காற்று வேண்டும் என்பது பொதுக் கணக்கு. ஒன்றரை டன்னுக்கு 525 முதல் 600. வாயில் அளக்கும் கணக்கு துல்லியமானது இல்லை என்பதால் 475 வந்தால் நான் கவலைப்பட மாட்டேன். 300 வந்தால் அடுத்த படிக்கே போக மாட்டேன், சுத்தம் செய்துவிட்டுத்தான் மறுவேலை.

மூன்றாம் படி: உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

கதவு, சன்னலை மூடி, ரிமோட்டில் 16 அல்லது 18 டிகிரி வைத்து, ஃபேனை ஹை-யில் விட்டு 20 நிமிடம் ஓடவிடுங்கள். ஒரு தெர்மாமீட்டரின் நுனியை மேலே காற்று நுழையும் இடத்திலும், இன்னொன்றைக் கீழே காற்று வரும் வாயின் நடுவிலும், எதிலும் உரசாமல் தொங்கவிடுங்கள். இரண்டையும் முன்னதாக ஒரே இடத்தில் வைத்து ஒரே எண் காட்டுகின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி வரை இருந்தால் நலம். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் ஏசியின் உழைப்பில் நல்ல பங்கு ஈரத்தைத் தண்ணீராக்கவே போய்விடும். அதனால் அங்கே 8 வந்தாலும் திருப்திதான். காற்று வறண்ட உள்மாவட்டங்களில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரும்.

இப்போது காற்றையும் இந்த எண்ணையும் சேர்த்துப் படியுங்கள். வித்தியாசம் 15, 16 என்று அதிகமாக இருந்து, காற்று சோர்ந்து வந்தால், கேஸ் நன்றாக இருக்கிறது, காற்றுதான் இல்லை. வருகிற கொஞ்சம் காற்று காயிலில் நெடுநேரம் நின்று அதிகமாகக் குளிர்கிறது, ஆனால் அறைக்குப் போதவில்லை. மாறாக, காற்று முகத்தில் அடிக்கிறது, வித்தியாசமோ 4, 5 தான் என்றால், கேஸ் குறைந்திருக்கலாம், அவுட்டோர் திணறலாம், அல்லது கம்ப்ரசர் ஓடாமலே இருக்கலாம்.

ஊரில் ஈரம் இருந்தால் தண்ணீரும் சாட்சி சொல்லும். டிரெயின் குழாயைப் பக்கெட்டில் விட்டு ஒரு மணி நேரம் பாருங்கள். ஈரமான நாளில், நல்ல நிலையில் உள்ள ஒன்றரை டன் ஏசி ஒன்று முதல் இரண்டு லிட்டர் வரை தரும். கையளவுகூட வராமல், யூனிட்டிலும் ஒழுகாமல் இருந்தால் காயில் குளிரவே இல்லை.

நான்காம் படி: அவுட்டோர்

அறையில் இழுத்த வெப்பம் முழுவதையும் வெளியே கொட்டும் யூனிட் இது. பின்பக்கம் காற்றை இழுக்கும், முன்பக்கம் சூடாகத் தள்ளும். அடுக்குமாடி வீடுகளில் இதை மூன்று பக்கமும் மூடிய குறுகிய இடத்தில் திணித்து, முன்னால் துளை வைத்த ஜாலித் தடுப்பும் போட்டுவிடுகிறார்கள். தள்ளிய சூட்டுக் காற்றையே மறுபடி இழுத்தால் எந்தக் கேஸாலும் காப்பாற்ற முடியாது. கைக்கு எட்டினால், யூனிட்டின் பின்னால் உள்ள காற்றையும், திறந்த வெளியில் நிழலில் உள்ள காற்றையும் அளந்து பாருங்கள். பின்னால் நான்கைந்து டிகிரி அதிகமாக இருந்தால் சூடு சுற்றிச் சுற்றி வருகிறது. பின்பக்கத் தகடுகளில் தூசி, புறாக்கூடு, காயப்போட்ட துணி, எல்லாவற்றையும் பாருங்கள். புறா எச்சம் அலுமினியத்தையும் அரிக்கும்.

ஐந்தாம் படி: பனி எங்கே பிடித்திருக்கிறது?

'ஐஸ் கட்டுது, அப்ப கேஸ் கம்மி' என்று உடனே முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. பாதிதான் உண்மை. காற்று குறைந்தாலும் ஐஸ் கட்டும். எங்கே கட்டுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் வீட்டு ஸ்பிளிட் ஏசிகளில் பெரும்பாலும் கேஸை நெருக்கிக் குளிரவைக்கும் கேப்பிலரி அல்லது எலக்ட்ரானிக் வால்வு அவுட்டோருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் அங்கிருந்து உள்ளே வரும் மெல்லிய குழாயும் குளிர்ந்திருக்கும், திரும்பிப் போகும் தடித்த குழாயும் குளிர்ந்திருக்கும். 20 நிமிடம் ஓடிய பின் அவுட்டோர் வால்வு பக்கத்தில் இரண்டும் வியர்த்திருந்தால் நல்ல அறிகுறி.

கேஸ் குறைந்தால், இருக்கும் கொஞ்சம் திரவம் காயிலின் முதல் சில சுற்றிலேயே ஆவியாகித் தீர்ந்துவிடும். மெல்லிய குழாயில் வெள்ளையாகப் பனி படியும், காயிலில் ஒரு மூலை மட்டும் பனி பிடிக்கும், மீதி வறண்டு கிடக்கும், தடித்த குழாய் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். காற்று குறைந்தாலோ காயில் முழுவதும் ஒரே சீராக ஐஸ் போர்த்தும், தடித்த குழாய் சில்லிட்டுக் கம்ப்ரசர் வரைக்கும் வியர்க்கும். ஐஸ் இருந்தால் ஃபேன் மோடில் மட்டும் விட்டு முழுக்க உருகவிட்டபின் எல்லாச் சோதனையையும் மறுபடி செய்யுங்கள். கத்தியாலோ ஸ்க்ரூ டிரைவராலோ சுரண்டினால் காயில் ஓட்டையாகிவிடும்.

ஆறாம் படி: மெக்கானிக் கேஜ் மாட்டும்போது

இது உங்கள் கையால் செய்யும் வேலை இல்லை. ஆனால் பக்கத்தில் நின்று புரிந்துகொள்ளலாம், கேள்வி கேட்கலாம். முதலில் அவுட்டோரில் ஒட்டியிருக்கும் தகட்டில் எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று படியுங்கள். புதியவற்றில் பெரும்பாலும் ஆர்-32. பழையவற்றில் ஆர்-22 அல்லது ஆர்-410ஏ. சிலவற்றில் ஆர்-290, அதாவது புரோப்பேன். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை ஏற்றவே கூடாது. ஆர்-32 ஓரளவும் ஆர்-290 நன்றாகவும் தீப்பிடிக்கக் கூடியவை.

ஏசி ஓடாதபோது கேஜைக் காட்டி "பாருங்க சார், பிரஷர் நிக்குது, கேஸ் ஃபுல்" என்றோ "கம்மி" என்றோ சொன்னால் ஏற்காதீர்கள். சமையல் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். 14.2 கிலோ முழுசாக இருக்கும்போதும் அடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதும் அடுப்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் எரிகிறது. எவ்வளவு மிச்சம் என்று தெரிய தூக்கிப் பார்க்கிறோம், தராசில் வைக்கிறோம். ஏசியும் அதேதான். உள்ளே கொஞ்சம் திரவம் இருக்கும்வரை, நின்றிருக்கும் ஏசியின் அழுத்தத்தை வெப்பநிலைதான் முடிவு செய்யும். ஆர்-32 ஏசியில் 30 டிகிரி நாளில் சுமார் 265 பிஎஸ்ஐ (அழுத்தத்தை அளக்கும் அலகு) காட்டும். அதற்கு மிகக் கீழே காட்டினால் ஏறக்குறைய காலி என்று மட்டும் சொல்லலாம்.

ஓடும்போது காட்டும் அழுத்தம், காயிலுக்குள் கேஸ் எந்த வெப்பத்தில் கொதிக்கிறது என்பதைச் சொல்லும். ஆர்-32-க்கு 0 டிகிரி என்றால் சுமார் 103 பிஎஸ்ஐ, 5 டிகிரிக்கு 123, 10 டிகிரிக்கு 146. ஆர்-410ஏ இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைவு. ஆர்-22-க்கு அதே வரிசையில் 57, 70, 84. ஆர்-290-க்கு 54, 65, 78. 5-லிருந்து 10 டிகிரிக்குள் இருந்தால் பொதுவாக நலம்.

ஆனால் அழுத்தம் மட்டும் பாதிக் கதை. சர்வீஸ் வால்வு பக்கத்தில் தடித்த குழாயின் வெப்பத்தையும் அளந்து, அதிலிருந்து கொதிக்கும் வெப்பத்தைக் கழிக்க வேண்டும். இதற்குப் பெயர் சூப்பர்ஹீட். ஆர்-32 ஏசியில் கேஜ் 123, குழாய் 12 டிகிரி என்றால் 12-ல் 5 போக 7. நல்லது. கேஜ் 90, குழாய் 20 என்றால், 90 பிஎஸ்ஐ-க்குக் கொதிநிலை சுமார் மைனஸ் 4, வித்தியாசம் 24. கேஸ் குறைவு, அல்லது வழியில் எங்கோ அடைப்பு. கேஜ் 95, குழாய் 1 டிகிரி என்றால், கொதிநிலை மைனஸ் 2, வித்தியாசம் வெறும் 3. கேஜை மட்டும் பார்ப்பவர் இதையும் 'கேஸ் கம்மி' என்று சொல்லி ஏற்றிவிடுவார். உண்மையில் காயிலுக்குக் காற்று போதவில்லை. திருவான்மியூர் வீட்டில் நடந்தது இதுதான்.

இன்வெர்ட்டர் ஏசியில் இன்னொரு சிக்கல். கம்ப்ரசரின் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். மெதுவாக ஓடும்போது கேஜ் கூடுதலாகவும், முழு வேகத்தில் குறைவாகவும் காட்டும். கம்பெனி சொன்ன டெஸ்ட் மோடில், வேகத்தை நிலையாக வைத்துத்தான் அளக்க வேண்டும். அதைச் செய்யாமல் கேஜைப் பார்த்துக் கேஸ் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

காற்றும் வித்தியாசமும் நன்றாக இருந்தால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் கேஜ் மாட்டச் சொல்ல வேண்டாம். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கேஸ் போகும், வால்வுக்குள் இருக்கும் ஊசியும் தேயும்.

ஏழாம் படி: உண்மையிலேயே கேஸ் குறைந்திருந்தால்

ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் டாப்-அப் செய்யச் சம்மதிக்காதீர்கள். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கசியும் என்பதால், குழாயை யூனிட்டோடு இணைக்கும் ஃபிளேர் நட்டைச் சுற்றிப் பிசுபிசுப்பான தூசி படிந்திருந்தால் முதல் சந்தேகம் அங்கேதான். சோப்பு நுரை தடவினால் குமிழி வரும். இன்டோர் காயிலின் காப்பரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளும் விழும். எறும்புப் புற்று போலக் குடைந்துகொண்டு போகும் அரிப்பு அது. காற்றில் கலந்த சில அமிலங்களும் ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை. கடற்கரையோரம் என்றால் அவுட்டோரை உப்புக் காற்று அரிக்கும்.

சோதனைக்கு நைட்ரஜன்தான் ஏற்ற வேண்டும். ஆக்சிஜன் ஏற்ற யாராவது முனைந்தால் உடனே நிறுத்துங்கள். அழுத்தத்தில் ஆக்சிஜனும் கம்ப்ரசர் எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும், உயிர் போகும்.

ஓட்டையை அடைத்தபின் வேக்யூம் பம்ப் போட்டுக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். வேக்யூமை அளக்கும் கணக்கில் 500 மைக்ரானுக்குக் கீழே இறங்கி, பம்ப்பை நிறுத்திய பிறகும் அங்கேயே நிற்க வேண்டும். கொஞ்சம் கேஸை விட்டுக் காற்றை ஊதித் தள்ளுவது வேக்யூம் ஆகாது. அதன் பிறகு, தகட்டில் போட்ட கிராமைத் தராசில் எடை போட்டு நிரப்ப வேண்டும். குழாய் வழக்கத்தைவிட நீளம் என்றால் மீட்டருக்கு எத்தனை கிராம் கூட்டுவது என்று கையேட்டில் இருக்கும். ஆர்-32 ஒன்றரை டன் ஏசிக்கு மொத்தமே பெரும்பாலும் ஒரு கிலோவுக்குள்தான். 100 கிராம் கூடினாலும் குறைந்தாலும் அது பெரிய பங்கு. தராசு கொண்டுவராமல் 'சத்தத்தை வச்சே சொல்லிடுவேன்' என்பவரிடம், தராசோடு வரச் சொல்லுங்கள். பில்லில் ஓட்டை எங்கே இருந்தது, வேக்யூம் எவ்வளவு நேரம், எத்தனை கிராம் என்று எழுதி வாங்குங்கள்.

வேலை முடிந்த அன்றே மூன்றாம் படியை மறுபடி செய்து, உள்ளே, வெளியே, வித்தியாசம் என்று மூன்று எண்ணையும் தேதியோடு ஒரு தாளில் எழுதி யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். திருவான்மியூர் வீட்டுத் தாளில் நான் எழுதியது: 30, 19, 11. அடுத்த மார்ச்சில் அந்த அம்மா போன் செய்தார். "தம்பி, 30, 15, 15 வருது. காத்தும் கம்மியா இருக்கு. நீங்க வரணுமா?" "ஃபில்டரைக் கழுவிட்டு நாளைக்கு ஒருதடவை பார்த்துச் சொல்லுங்கம்மா" என்றேன். மறுநாள் காலை வாட்ஸாப்பில் வந்தது: 30, 19, 11.